ஒத்து ஊதிய கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. பேசியவன் என் பழைய ரூம்மேட். "மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு குறையுதுடா. நீதான் செஞ்சிக்காரனாச்சே, கோட்டையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுத்துடு" என்றான். செஞ்சி என்றால் உடனே தேசிங்கு ராஜன், குதிரை, ராஜகிரி. ஹாஸ்டலில் முதல் வருஷம் முழுக்க என் பட்டப்பெயரே தேசிங்குதான். 1714ல் போரில் மாண்டுபோனவர் பெயரை 2005ல் மெஸ் வரிசையில் வைத்துக் கூப்பிட்ட நண்பர்கள் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்கு என் வணக்கம்!

கோட்டையைப் பற்றி எழுத எத்தனையோ அறிஞர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகள் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில், மிச்சமுள்ள ஒன்று எங்கள் செஞ்சி. அதற்குப் பிறகு என் ஆபீஸில் இருப்பவர்களே எனக்குக் கோட்டை வரலாறு சொல்கிறார்கள். ஆகவே மலர்க் குழு மன்னிக்க வேண்டும். நான் எழுதப் போவது ஒரு சத்தத்தின் வரலாறு. நடுவில் அறுந்து போகாமல், தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரே ஒரு சத்தம். கம்ப்யூட்டர் பாஷையில் இதை லூப் என்கிறோம். செஞ்சியில் அதற்கு வேறு பெயர் இருந்தது. ஒத்து.

"அவன் இவனுக்கு ஒத்து ஊதறான்" என்று நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். அந்த ஒத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் அணியில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு நாகஸ்வரக் குடும்பம் இருந்தது. அந்தக் குழுவில் ஒத்து ஊதியவரைத் தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஒத்துத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். பார்க்க நாகஸ்வரம் போலவே இருக்கும் நீளமான குழல். சீவாளி உண்டு, உலவு உண்டு, அணசு உண்டு. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் மட்டும் கிடையாது. கீழே சில துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஸ்வரம்தான், ஆதார ஸட்ஜம். நாகஸ்வரக்காரர் தோடியில் எங்கே போய்விட்டு வந்தாலும் வீடு அங்கேயே இருக்க வேண்டும். அந்த வீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் ஒத்துக்காரர்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். மூச்சு! மனிதன் மூச்சு விட்டுத்தான் ஆக வேண்டும், சத்தமோ நிற்கக் கூடாது. கன்னம் இரண்டையும் உப்ப வைத்து அதில் காற்றைச் சேமித்துக்கொண்டு, அந்தக் காற்றைக் குழலுக்குள் தள்ளுகிற அதே நேரத்தில் மூக்கால் புதுக் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வயதில் தாத்தா எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். பப்பாளித் தண்டு ஒன்றைச் சொம்புத் தண்ணீரில் விட்டு, "கொப்புளம் நிக்காம வரணும்டா தம்பி, அவ்ளோதான் வித்தை" என்றார். எனக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். அவர் பேச்சுக்கு நடுவே, திண்ணையில் உட்கார்ந்தபடி, அரைமணி நேரம் கொப்புளம் விடுவார்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். நிற்காத சத்தம் வேண்டும் என்றால் எங்கேயோ ஓர் ஒட்டு விழும். அந்த ஒட்டு காதுக்குத் தெரியக் கூடாது. ஒத்தின் வரலாறே ஒட்டை மறைத்த வரலாறுதான். தாத்தா அதைக் கன்னத்தால் மறைத்தார். சுருதிப் பெட்டியில் துருத்தி மறைக்கிறது: கையால் அழுத்துகிற காற்று முதலில் ஓர் உறைக்குள் சேர்கிறது, அந்த உறை நிதானமாக வெளியே விடுகிறது. அது பெட்டிக்குள் வைத்த கன்னம், அவ்வளவுதான். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875ல் செய்த கையடி ஆர்மோனியத்திலும் இதே தத்துவம். ஸ்காட்லாந்துக்காரர்கள் அக்குளில் இடுக்கிக்கொள்ளும் பைக்கும் அதே வேலை.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு தம்புராவில் இருக்கிறது. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, வேலைக்குப் போய், பத்து வருஷம் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மீட்டியவுடன் தேயத் தொடங்கிவிடும். ஒன்று தேய்ந்து முடிவதற்குள் அடுத்தது எழுந்துவிடும். குதிரையின் மேல் ஜீவா என்று ஒரு சின்ன நூலைச் செருகி, ஒவ்வொரு நாதமும் மெதுவாக மலர்ந்து மெதுவாக மறையும்படி செய்துவிட்டார்கள். ஒன்று இறங்க ஒன்று ஏற, இடைவெளி இருக்கும் இடமே தெரியாது. பாடகருக்கு இரண்டு பக்கமும் இரண்டு தம்புரா வைத்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மீட்ட மாட்டார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புவார். இந்த இரண்டு தம்புராவை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மேல்நாட்டில் இந்தச் சத்தத்தை இயந்திரத்தில் பிடிக்க முயன்ற கதை 1948ல் பாரிஸ் வானொலியில் தொடங்குகிறது என்று சொல்லலாம். பியேர் ஷாஃபேர் என்பவர் அங்கே இன்ஜினீயர் (நம் ஜாதி!). ரயில் எஞ்சின்களின் சத்தத்தைப் பதிவு செய்து, அதை வைத்தே இசை செய்தார். அவர் கையில் கிராமபோன் தட்டு. தட்டில் பள்ளம் சுருளாக உள்ளே போகும். ஒரு சுற்று முடிந்ததும் பள்ளத்தைத் தன்னோடு தானே சேர்த்துவிட்டால்? முள் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கீறல் விழுந்த ரிக்கார்டு ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுமே, அந்தக் கோளாறை அவர் கருவியாக்கினார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டு விழும் இடத்தில் டக், டக் என்று கேட்கும்.

பிறகு வந்தது காந்த டேப். டேப்பின் வாலைத் தலையோடு ஒட்டி வளையமாக்கி மெஷினில் ஓட விடுவார்கள். ஸ்டூடியோ டேப் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். பத்து விநாடி லூப் என்றால் கிட்டத்தட்ட நாலு மீட்டர் வளையம். அது தரையில் விழாமல் இருக்க மைக் ஸ்டாண்டு, பென்சில் என்று கிடைத்ததில் மாட்டி வைப்பார்கள். டேப்பை வெட்டும்போது நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுவது வழக்கம். நேராக வெட்டினால் பழைய சத்தம் சட்டென்று நின்று புதுச் சத்தம் சட்டென்று எழும்; காதில் சொடுக்கும். சாய்வாக வெட்டினால் கொஞ்ச தூரத்துக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். ஒன்று ஒடுங்க ஒன்று விரியும். பிளேடால் செய்த தம்புரா!

நம் நாட்டிலும் இது நடந்தது. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ல் ஒரு மின்னணு இசைக்கூடம் வைத்தார்கள். அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே வேலை செய்தார்கள். அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் அலமாரியில் தூங்கி, 2023ல்தான் தொகுப்பாக வெளியே வந்தன. நான் வாங்கிக் கேட்டேன். நம்மூர்ச் சுருதியும் மின்சாரமும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நிலவில் மனிதன் இறங்கிய வருஷத்தில் அகமதாபாத்தில் மூக் இருந்தது என்று எங்களுக்கு எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சிக்னல் பாடத்தில் தூங்கியிருக்க மாட்டேன்.

டேப்பை வளையமாக்கப் பயந்தவர்களும் உண்டு. 1963ல் இங்கிலாந்தில் வந்த மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு டேப். அழுத்தினால் சுமார் எட்டு விநாடி ஒலிக்கும், பிறகு மௌனம். விரலை எடுத்தால் டேப் திரும்பப் போய்விடும். ஒட்டே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். எங்கள் தாத்தாவிடம் சொன்னால் "மூச்சு பத்தல" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

அடுத்து கம்ப்யூட்டர். பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மேத்யூஸ் 1957லேயே ஐபிஎம் 704ல் 17 விநாடி சங்கீதம் வரவழைத்தார். அவர் வழியில் பிறந்த அலையாக்கிகளுக்கு உள்ளே இருப்பதே ஒரு லூப்தான்: அலையின் ஒரே ஒரு சுற்றை அட்டவணையாக எழுதி வைத்து, கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. அங்கே ஒட்டுப் பிரச்சினை இல்லை, அலையே வட்டம். நிஜமான சத்தத்தைப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டபோதுதான் பழைய வியாதி திரும்பியது. 1979ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஃபேர்லைட்டில் ஒரு குரலுக்கு நினைவகம் 16 கிலோபைட். விநாடிக்கு 16 ஆயிரம் சாம்பிள் என்று கணக்குப் போட்டால் ஒரே ஒரு விநாடி! ஒரு விநாடிப் புல்லாங்குழலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் வாசிக்க வேண்டும் என்றால் சுற்ற விடுவதைத் தவிர வழியே இல்லை. அந்தக் காலத்து சாம்பிளர் ஆட்கள் இரவெல்லாம் லூப் முனைகளைத் தேடிக்கொண்டிருந்ததற்கு இந்த வறுமைதான் காரணம்.

அதே 1979ல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் எலெக்ட்ரானிக் தம்புராவைச் செய்தார். அவரும் இன்ஜினீயர், புல்லாங்குழல் வாசிப்பவர். அவர் தொடங்கிய ராடெல் பெட்டிகள் கச்சேரி மேடைகளுக்குப் போயின. தனியாகச் சாதகம் செய்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிய வரம் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெளியூரில் ஹாஸ்டல் அறையில் இருக்கும் பெண்பிள்ளை தம்புராவுக்கு எங்கே போவாள்?

எங்கள் தெருவுக்குப் பெட்டி வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். யாரோ செய்து யாரோ விற்ற, பெயர்கூட ஒட்டாத பெட்டி. திருகினால் ஸட்ஜம் வரும், கூடவே பஞ்சமம் வரும். பெட்டிக்குச் சாப்பாடு போட வேண்டாம், பஸ் டிக்கெட் எடுக்க வேண்டாம், வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டாம். ஒரே முகூர்த்த சீசனில் தாத்தாவின் கையிலிருந்து ஒத்து போய்த் தாளம் வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் தாளத்துக்கும் ஒரு பையன் வந்துவிட்டான். யாரும் அவரை விரட்டவில்லை. மேல்மலையனூர் அமாவாசைக்குக் குழு கிளம்பும்போது வேனில் அவருக்கு இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

2003ல் நான் பிளஸ் ஒன். அந்தப் பெட்டி ஊமையாகிவிட்டது. மறுநாள் கல்யாணம். தாத்தாவின் மகன், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கப்பாசிட்டர் வீங்கிக் கிடந்தது. பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பற்றவைத்தேன். பெட்டி பாடியது! நான் எலெக்ட்ரானிக்ஸில் சம்பாதித்த முதல் காசு அது. ஐம்பது ரூபாய், ஒரு தேங்காய் மூடி. ரூபாயை எண்ணிக்கொண்டு நிமிர்ந்தபோது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரன்டா" என்றார். நிஜமாகவே பாராட்டினார். அது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

இந்தக் கல்லூரிக்கு வந்ததும் அந்தக் கப்பாசிட்டரின் தயவால்தான். 2009ல் வெளியேறினேன். சிக்னல் பாடம் எடுத்த சார் போர்டில் அலையை வரைந்து, நடுவில் வெட்டி, "இங்க குதிச்சா எல்லா ஃப்ரீக்வென்சியும் வெளியே வந்து விழும்டா" என்பார். கிளிக் சத்தத்துக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

2017 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "பெட்டி சத்தம் கொசு மாதிரி இருக்குது தம்பி. அப்பா ஒத்தையே பதிவு பண்ணி, அதை விடாம ஓடற மாதிரி பண்ண முடியுமா?" தாத்தாவுக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. பரண் மேலிருந்து ஒத்தை எடுத்துத் துடைத்து, புதுச் சீவாளி போட்டு ஊதினார். அரைமணி நேரம் கொப்புளம் விட்ட மனிதருக்கு இப்போது நாற்பது விநாடிக்கு மேல் முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. மூன்று தடவை ஊதினார். அதில் நீளமானது 38 விநாடி. விநாடிக்கு 44,100 சாம்பிள் வீதம், 16 லட்சத்து 75 ஆயிரத்துச் சொச்சம் எண்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான்.

கருவியாக நான் எடுத்துக்கொண்டது ப்யூர் டேட்டா. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பாரிஸில் இர்காம் என்ற இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் என்ற கணித மனிதர் எண்பதுகளின் நடுவில் ஒரு மென்பொருள் எழுதினார். புரோகிராமை வரிவரியாக எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தால் போதும். மேத்யூஸின் நினைவாக அதற்கு மாக்ஸ் என்று பெயர். 1990ல் அது கடைக்கு வந்தது. பிறகு கலிபோர்னியா போன பக்கெட், 1996ல் அதே வழியில் இன்னொன்றை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் ப்யூர் டேட்டா. நம் லேபில் பிரெட்போர்டில் ஒயர் குத்தி வளர்ந்தவர்களுக்குத் திரையைப் பார்த்தவுடன் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். கருகிப் போக ஐசி கிடையாது என்பது கூடுதல் வசதி.

மாணவத் தம்பி தங்கைகள் செய்து பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சத்தத்தை ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள். ஃபேசர் என்ற பெட்டி பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி ஏறும். ரம்பப் பல் மாதிரி. அந்த ஏற்றத்தை அட்டவணை நீளத்தால் பெருக்கி, டாப்ரீட்4 என்ற பெட்டிக்குக் கொடுத்தால் அது சத்தத்தைப் படித்துக்கொண்டே போகும். ரம்பம் விழும்போது முதலுக்குத் திரும்பும். லூப் தயார். கிளிக்கும் தயார்!

முதல் வைத்தியம், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டுவது. அது மட்டும் போதாது. இரண்டு முனையிலும் அலை ஒரே திசையில் கடக்க வேண்டும். ஒன்று ஏறுமுகம் ஒன்று இறங்குமுகம் என்றால் முட்டும். நடுவில் முழுச் சுற்றுகளாகவும் இருக்க வேண்டும். தாத்தாவின் சுருதி இரண்டு கட்டை, விநாடிக்குச் சுமார் 293.66 சுற்று. ஒரு சுற்றுக்கு 150.17 சாம்பிள். அந்தப் பின்னம் உயிரை வாங்கும். ஆறு சுற்றை எடுத்தால் 901.04, கிட்டத்தட்ட முழு எண். டாப்ரீட்4 பக்கத்து நான்கு எண்களைப் பார்த்து இடைப்பட்டதை ஊகித்துக்கொள்வதால் மிச்சத்தை அது சமாளித்துவிடும். ஆனால் ஆறு சுற்று என்பது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைச் சுற்ற விட்டால் வருவது பழைய கொசுப் பெட்டி. உயிர் வேண்டும் என்றால் லூப் நீளமாக இருக்க வேண்டும். நீளமானால் மனித மூச்சு எங்கேயும் ஒரே அளவாக நிற்காது, முனைகள் பொருந்தாது.

இந்த இடத்தில்தான் இரண்டு தம்புரா. ஒரு ஃபேசருக்குப் பதில் இரண்டு. ஒன்று பாதி வழியில் இருக்கும்போது மற்றது விழும்படி. ஒவ்வொன்றும் தான் குதிக்கும் நேரத்தில் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கிக்கொள்ளும்; அந்த நேரத்தில் மற்றது முழு ஒலியில் இருக்கும். குதிப்பது யார் காதிலும் விழாது. இதை வரைந்து முடித்த இரவில்தான் எனக்குத் தம்புரா புரிந்தது என்று சொன்னேன். நானூறு, ஐநூறு ரூபாய்ப் புத்தகங்களில் கிராஸ்ஃபேடு என்று படித்ததை, பெயர் தெரியாத ஒரு மனிதர் நூலையும் தந்தியையும் வைத்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதிலும் ஒரு சிக்கல். இரண்டு அலையும் கைகோத்து ஏறி இறங்கினால், ஒட்டு விழும் நடுவில் சத்தம் பெருக்கும். நான் முதலில் போட்டிருந்த வளைவில் 41 சதவீதம் பெருத்தது. எதிரெதிராக இருந்தால் ஒன்றையொன்று விழுங்கிச் சத்தம் குழி விழும். ஆகவே இரண்டு தலைகளும் அலையின் ஒரே நிலையில் சந்திக்கும்படி தொடக்க இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஒட்டு தெரியாது. நம் முன்னோர் பெயர் வைத்தது சும்மா இல்லை.

மூச்சு இழுக்கும் "உஸ்" சத்தம் இல்லாத நாலு விநாடியைப் பொறுக்கி எடுத்து, பட்டுப்போல ஒரு லூப் செய்து, தீபாவளிக்குக் கொண்டுபோனேன். தாத்தா ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். "இன்னாடா இது, மூச்சே எடுக்காம எவன் ஊதுவான்? செத்தவன் ஊதற மாதிரி இருக்குது" என்றார். சரி என்று மூச்சுச் சத்தத்தோடு பத்து விநாடி லூப் செய்து, அடுத்த பொங்கலுக்கு எடுத்துப் போனேன். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று எனக்கு நிச்சயம். அவர் மூன்று சுற்று கேட்டார். நாலாவது சுற்றில் விரலைத் தூக்கி, சரியாக மூச்சு வரும் இடத்தில், "இதோ" என்றார். அடுத்த சுற்றிலும் "இதோ". "அதே எடத்துல அதே மூச்சு. நான் அப்பிடி எடுக்க மாட்டேன். அவன் தூக்கிப் புடிச்சா நான் முன்னாடியே எடுத்துக்குவேன்." அவன் என்றது நாகஸ்வரம் வாசிப்பவரை.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதம் தொடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, 38 விநாடி முழுவதையும் அட்டவணையில் ஏற்றி, அலை ஏறுமுகமாகப் பூஜ்யத்தைக் கடக்கும் இடங்களையெல்லாம் பட்டியல் போட்டேன். ஒரு தலை ஒடுங்கியதும் பட்டியலில் சீட்டுக் குலுக்கி ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மற்றத் தலை அதே நிலைக்கு வரும் கணத்தில் புறப்படும். எவ்வளவு நேரம் ஓடுவது என்பதையும் சீட்டே முடிவு செய்யும். இப்போது மூச்சு எங்கே வரும் என்று எனக்கும் தெரியாது. அண்ணன் கேட்டதற்காக ஒரு நகர்த்திக் கட்டையும் வைத்தேன். வாசிக்க வாசிக்க நாகஸ்வரம் சூடேறிச் சுருதி கொஞ்சம் ஏறும். ஒத்துக்காரர் உதட்டாலேயே கூடவே ஏறிவிடுவார், பெட்டிக்கு அது தெரியாது. படிக்கும் வேகத்தை ஒரு சதவீதம் கூட்டினால் அரைஸ்வர இடைவெளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏறுகிறது. அது போதும்.

மூன்றாவது தடவை தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அவர் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அரைமணி நேரத்துக்குப் பிறகு, "ஸ்பீக்கர் மட்டம்டா" என்றார். அடுத்த வாரம் வேறு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன்.

2020ல் அவர் காலமானார். ஊரடங்கு சமயம். நான் வர முடியவில்லை. மேளமும் நாலு பேரோடு நின்றுவிட்டது என்றார்கள்.

ப்யூர் டேட்டாவில் செய்ததைப் போனுக்குள் ஓட வைக்க 2010லிருந்தே லிப்பிடி என்று ஒரு வழி இருக்கிறது. அண்ணனின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். ராஜகிரி மேலே இருக்கும் கமலக்கண்ணி அம்மனுக்குச் சித்திரையில் தேர்த் திருவிழா. போன தடவை நானும் போயிருந்தேன். வெயில் இறங்கின நேரம், கூட்டம், கற்பூரப் புகை. அண்ணன் கல்யாணியை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன், தோளில் ஸ்பீக்கர், தாத்தாவின் ஒத்து ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒத்து நின்றது. அதற்குப் பதில் ஒரு சினிமாப் பாட்டு உச்சஸ்தாயியில் கிளம்பியது. யாரோ போன் பண்ணிவிட்டார்கள்! தவில்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு அடியைத் தவறவிட்டார். அண்ணன் வாசிப்பை நிறுத்தாமல் கண்ணாலேயே என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தில் புகுந்து, அவர் பையிலிருந்து போனை உருவி, அழைப்பை வெட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "பழைய ஆளு ஊதறச்சொல்ல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது" என்றாள்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுத் திரும்பப் பையில் வைத்தேன். ஒத்து எங்கோ நடுவிலிருந்து, ஒரு மூச்சோடு தொடங்கியது.